உள்ளே வந்த இரும்புக்கு வெளியே போக வாசல் இல்லை

எனக்குத் தங்கை முறை ஆகும் ஒருத்தியின் மகனுக்கு ஒன்பதாவது மாதத்தில் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய் என்று தெரிந்தது. செய்தி பரவிய ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொன்னார்கள்: முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடு, பேரீச்சம்பழம் ஊறப்போட்டுக் கொடு, ஆட்டுச் சுவரொட்டி வாங்கி ஆக்கிக் கொடு, இரும்புச் சட்டியில் சமை. அதற்கு முன்பே ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் இரும்பு டானிக் கொடுத்திருந்தார்கள். குழந்தை வெளிறியிருக்கிறது, சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன, ஆகவே இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டிவிட்டார்கள். உடம்பில் இரும்பு உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஃபெரிட்டின் பரிசோதனையை யாரும் செய்யவில்லை.

சொன்னவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். நம் ஊரில் ரத்தச்சோகை என்றாலே இரும்பு இல்லை என்று பொருள், பெரும்பாலான நேரம் அது சரியும்கூட. தலசீமியாவில் மட்டும் இது தலைகீழ். ரத்தம் குறைவாகவும் இரும்பு அளவுக்கு மீறியும் ஒரே உடம்பில் இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் ரத்தக்குறைவு அந்தக் குழந்தையைச் சில வருடங்களில் கொன்றுவிடும், சிகிச்சை கொடுத்தாலோ அந்தச் சிகிச்சையோடு உள்ளே வரும் இரும்பு பதின்ம வயதில் இருதயத்தை நிறுத்திவிடும். இந்த இரண்டாவது சாவைத் தள்ளிப்போட மனிதர்கள் கண்டுபிடித்த வேதியியல்தான் இந்தக் கட்டுரை. எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் நோய். ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது, இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு ஹீம் வளையத்தைப் பிடித்திருக்கும், வளையத்தின் நடுவில் ஒரே ஒரு இரும்பு அணு. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11 ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் தலசீமியா மைனர், அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, பலருக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் பழுதானால் பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாகாது, அப்போது இணை கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் திரண்டு படிந்து, சிவப்பணு முழுதாக உருவாவதற்குள் எலும்பு மஜ்ஜையிலேயே அதைச் சாகடித்துவிடும். பிறந்த முதல் சில மாதங்கள் கருக்கால ஹீமோகுளோபின் தாங்கிப்பிடிக்கும், அதில் பீட்டா சங்கிலிக்கு வேலை இல்லை. அது குறையும்போதுதான் குழந்தை வெளிற ஆரம்பிக்கும். டெட்ராய்ட் நகரின் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி 1925 இல் இதை முதலில் தனி நோயாக விவரித்தார். அவர் பார்த்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களின் குழந்தைகள் என்பதால்தான் பிறகு கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. மத்தியதரைக் கடல் நோய் என்று அன்று நினைத்தார்கள். உண்மையில் மலேரியா இருந்த நிலப்பரப்பு முழுக்க இது இருக்கிறது, நம் பக்கமும் சேர்த்துத்தான். இலங்கையில் குருநாகலையில் இதற்கென்றே பெரிய சிகிச்சை மையம் இருக்கிறது.

சிகிச்சை என்றால் ரத்தம் ஏற்றுவது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்பு ஹீமோகுளோபின் ஒன்பது, ஒன்பதரைக்குக் கீழே இறங்காதபடி. இப்படி ஏற்றினால் குழந்தை ஓடியாடும், மஜ்ஜை பதறிப்போய் வீங்காது, கன்ன எலும்பு புடைக்காது, மண்ணீரல் பெருக்காது. எல்லாம் நன்றாகவே போகும், முதல் சில வருடங்களுக்கு.

இனி கணக்கு. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் என்றால் வருடத்துக்குப் பதினேழு யூனிட், அதாவது மூன்றரையிலிருந்து நான்கு கிராம் இரும்பு. ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பு முழுவதிலும், ரத்தம், தசை, கல்லீரல் எல்லாம் சேர்த்து, இருப்பதே மூன்று நான்கு கிராம்தான்! அவ்வளவையும் ஒரு சின்ன உடம்புக்குள் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொட்டுகிறோம்.

சரி, கூடுதலாக வந்ததை உடம்பு வெளியே தள்ளிவிடாதா? உப்பு அதிகமானால் சிறுநீரில் போகிறதே? இங்கேதான் விஷயம். இரும்பை வெளியேற்ற மனித உடம்பில் எந்த ஏற்பாடும் இல்லை. குடலின் உட்சுவரும் தோலும் உதிரும்போது நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போகும், அவ்வளவுதான், அதையும் நம் விருப்பத்துக்குக் கூட்ட முடியாது. ஒரு வருடம் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு அந்த வேகத்தில் வெளியேற ஐந்து பத்து வருடம் ஆகும். இயற்கைக்கு இது தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன், மனிதகுலத்தின் பெரும்பகுதிக்கு எப்போதும் இரும்புப் பஞ்சம்தானே. அதனால் உடம்பு உள்வாசலில் மட்டும் காவல் வைத்தது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறு ஹார்மோன்தான் அந்தக் காவலாளி. இரும்பு போதுமானால் ஹெப்சிடின் கூடும், குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வழி அடைபடும்.

தலசீமியாவில் இந்தக் காவலும் ஏமாந்துபோகிறது. மஜ்ஜை கோடிக்கணக்கில் சிவப்பணுக்களை உருவாக்கப் போராடித் தோற்கும்போது, அந்த இளம் அணுக்கள் எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனை வெளியிடுகின்றன. 2014 இல்தான் இதை அடையாளம் கண்டார்கள். அது கல்லீரலுக்குச் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: இங்கே இரும்பு வேண்டும், கதவைத் திற. ஹெப்சிடின் குறைகிறது, குடல் இன்னும் இன்னும் உறிஞ்சுகிறது. ஆகவே ரத்தமே அதிகம் ஏற்றாத மிதமான தலசீமியாக்காரர்களுக்கும் வயது ஏற ஏற இரும்பு சேர்ந்துகொண்டே போகும். சுவரொட்டியும் இரும்பு டானிக்கும் எங்கே போய் விழுகின்றன என்று இப்போது புரியும்.

இரும்பு சேர்ந்தால் என்ன கெடுதல், அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கக் கூடாதா என்று நான் கேட்டிருக்கிறேன். கிடக்காது, அது இரும்பின் குணம். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான் இழந்து ஃபெரஸ் ஆகவும் மூன்று இழந்து ஃபெரிக் ஆகவும் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெகு எளிதாகத் தாவும். செல்லுக்குள் மூச்சு நடப்பதே இப்படி எலக்ட்ரானைக் கை மாற்றுவதால்தான், அந்த வேலைக்கு உயிர்கள் இரும்பைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். ஆனால் இதே ஃபெரஸ் இரும்பு கட்டுப்பாடில்லாமல் திரிந்து, செல்லில் எப்போதும் சிறிதளவு உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால், ஒரு எலக்ட்ரானை அதன் மேல் எறிந்து அதைப் பிளந்துவிடும். பிறப்பது ஹைட்ராக்சில் தனி உறுப்பு, ஆங்கிலத்தில் ரேடிக்கல் என்பார்கள். வேதியியலில் இதைவிட வெறிபிடித்த துகள்கள் குறைவு. கொழுப்புச் சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று பக்கத்தில் எது இருந்தாலும் அந்த நொடியே பிய்த்துவிடும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து செய்யும் இந்த வேலையை ஆங்கில வேதியியலாளர் ஃபென்டன் 1894 இல் எழுதினார், டார்டாரிக் அமிலத்தை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தவர் அவர். இன்று சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கக்கூட இதே வினையைப் பயன்படுத்துகிறார்கள். சாயத்தை உடைக்கும் அந்த வினை ஒரு குழந்தையின் இருதயத் தசைக்குள் நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

உடம்புக்கு இந்த ஆபத்து தெரியும். அதனால் இரும்பை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒரு தடவைக்கு இரண்டு ஃபெரிக் இரும்பு வீதம் இறுகக் கட்டிக்கொண்டு போகும், செல்லுக்குள் ஃபெரிட்டின் என்ற புரதக் கூடு இருக்கிறது, 24 துண்டுகள் சேர்ந்த உருண்டை, ஒன்றுக்குள் 4500 அணுக்கள் வரை அடைக்கலாம். ஆரோக்கியமான ஒருவருக்கு டிரான்ஸ்ஃபெரினின் இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கும், மீதி காலி. தொடர்ந்து ரத்தம் ஏற்றும்போது அந்தக் காலி இடமெல்லாம் நிரம்பிவிடும். அதற்கு மேல் வரும் இரும்பு சிட்ரேட் போன்ற எதையாவது தொற்றிக்கொண்டு ரத்தத்தில் அலையும். இந்த அலையும் இரும்புதான் வில்லன். டிரான்ஸ்ஃபெரினில் வரும் இரும்பை வேண்டும், வேண்டாம் என்று செல் தீர்மானிக்க முடியும், அலையும் இரும்போ வேறு உலோகங்களுக்கான வாசல் வழியே புகுந்துவிடும். இருதயத் தசையில் கால்சியம் நுழையும் வாசல்கள் நிறைய, துடிப்பதற்கு அவை இல்லாமல் முடியாது, அவற்றின் வழியே இரும்பும் உள்ளே போகிறது. பிட்யூட்டரி, கணையம், தைராய்டு எல்லாவற்றிலும் படிகிறது. வளர்த்தி நிற்பது, வயதுக்கு வராமல் இருப்பது, சர்க்கரை நோய், தோல் சாம்பல் பூத்துக் கறுப்பது, எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் இருதயம்.

வாசல் இல்லாத வீட்டுக்கு ஒரு வாசல் வைக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மண்ணிலிருந்து.

காற்றுள்ள உலகில் இரும்பு துருவாகக் கிடக்கிறது, தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கோ அது வேண்டும். அதனால் பல பாக்டீரியாக்கள் இரும்பைக் கவ்வும் சின்ன மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே விடுகின்றன, அவை துருவிலிருந்து இரும்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரும். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்த சீபா மருந்து நிறுவனமும் சூரிச்சின் தொழில்நுட்பக் கல்லூரியும் இரும்பு அடங்கிய நுண்ணுயிர்க் கொல்லிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் என்ற மண் நுண்ணுயிரிடமிருந்து இப்படிப்பட்ட ஒன்று கிடைத்தது. அதிலிருந்த இரும்பை நீக்கி வெறும் கொடுக்கை மட்டும் எடுத்தார்கள், டெஸ்ஃபெரியாக்சமின். டெஸ்ஃபெரால் என்ற பெயரில் 1960களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் வந்தது. கொடுக்கு என்று நான் சும்மா சொல்லவில்லை, இந்த வகைப் பிணைப்புக்கு மேல்நாட்டு மொழிகளில் வழங்கும் பெயரே நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஃபெரிக் இரும்பைச் சுற்றி ஆறு பிடிகளுக்கு இடம் உண்டு. டெஸ்ஃபெரியாக்சமின் ஒரு நீண்ட சங்கிலி, அதில் மூன்று ஹைட்ராக்சமேட் குழுக்கள், குழுவுக்கு இரண்டு ஆக்சிஜன் வீதம் ஆறு. சங்கிலி வளைந்து இரும்பை ஆறு பக்கமும் மூடிவிடும். ஒரு பிடிகூடக் காலி இல்லாததால் பெராக்சைடு நெருங்க முடியாது, இரும்பு உள்ளே இருந்தாலும் வாய் கட்டப்பட்ட மாதிரிதான். இந்தப் பிணைப்பின் வலிமையைச் சொல்லும் எண் 1க்குப் பின்னால் 30 சுழியம். துத்தநாகத்துக்கு 11 சுழியம்தான், கால்சியத்துக்கு இரண்டு மூன்று. எலும்பின் கால்சியத்தை விட்டுவிட்டு இரும்பை மட்டும் தேடிப் பிடிப்பது இதனால்தான். பிடித்தது சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், முதல்முறை பார்க்கும் பெற்றோர் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள், அது உள்ளே கிடந்த இரும்பு.

இவ்வளவு நல்ல மருந்தில் ஒரு பெரிய சங்கடம். வாயால் சாப்பிட்டால் குடல் உறிஞ்சாது, ஊசியில் போட்டால் ரத்தத்தில் அரை மணிக்குள் பாதி காலி. ஒரு கிராம் மருந்து ஏட்டுக்கணக்கில் 85 மில்லிகிராம் இரும்பைப் பிடிக்க வேண்டும், நடப்பில் அதில் சிறு பங்கே பிடிக்கிறது. ஏனென்றால் கல்லீரலில் எத்தனை கிராம் குவிந்திருந்தாலும், எந்த ஒரு நேரத்திலும் பிடிக்கும்படி வெளியில் இருக்கும் இரும்பு துளிதான். பெரிய டோஸை ஒரே தடவையில் கொடுத்துப் பயனில்லை, மருந்து நீங்கிய கொஞ்ச நேரத்தில் அலையும் இரும்பு மறுபடி தலைகாட்டும். கொடுக்கு எப்போதும் ரத்தத்தில் காவலிருக்க வேண்டும். இதற்கு வழி, வயிற்றுத் தோலுக்கடியில் சிறு ஊசியைச் செருகி, பேட்டரி பம்ப்பில் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகச் செலுத்துவது, வாரத்தில் ஐந்து முதல் ஏழு இரவு. 1970களின் இறுதியில் பரவிய இந்த முறைதான் தலசீமியாக் குழந்தைகளைப் பெரியவர்களாக்கியது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை ஒவ்வொரு இரவும் ஊசியோடு தூங்க வைப்பது என்ன பாடு என்று அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கினால் தெரியும். பதினைந்து வயதில் அவன் மாட்டேன் என்பான். இன்று ஒருநாள் விட்டால் நாளை ஒன்றும் ஆகாது, காய்ச்சல்கூட வராது. இரும்பு வலிக்காது. அதுதான் இதில் மிகக் கொடுமை.

மாத்திரை வேண்டும் என்ற தேடலில், இங்கிலாந்தில் ராபர்ட் ஹைடர், ஜார்ஜ் கோன்டோகியோர்கெஸ் இருவரும் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது டெஃபெரிப்ரோன். சின்ன மூலக்கூறு, ஒன்றுக்கு இரண்டே பிடி, ஆகவே ஒரு இரும்பை மூட மூன்று மூலக்கூறு சேர வேண்டும். சின்னதாகவும் மின்னூட்டம் இல்லாததாகவும் இருப்பதால் சவ்வுகளைத் தாண்டி இருதயத் தசைக்குள்ளேயே போகும், இருதயத்தைக் காப்பதில் இதன் பெயர் பெரிது. ஆனால் மருந்தின் அளவு ரத்தத்தில் குறையும்போது மூன்று பேர் கூடுவது கடினம், இரும்பு பாதி மூடிய நிலையில் நின்றுவிடலாம். நாளைக்கு மூன்று வேளை தவறாமல் போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நூற்றில் ஒருவர் அளவுக்கு வெள்ளையணுக்கள் திடீரென்று அடியோடு சரியலாம் என்பதால் அடிக்கடி ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்தியாவில் சிப்லா நிறுவனம் இதை 1990களின் நடுவிலேயே கெல்ஃபர் என்று கொண்டுவந்தது, அமெரிக்கா அனுமதித்தது 2011 இல். பம்ப் வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பதினைந்து வருடம் எவ்வளவு பெரியது!

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் ஓர் அழகான வேதியியல் இருக்கிறது. சின்ன டெஃபெரிப்ரோன் செல்லுக்குள் போய் இரும்பை எடுத்து வந்து, வெளியே ரத்தத்தில் நிற்கும் பெரிய டெஸ்ஃபெரியாக்சமினிடம் கைமாற்றிவிட்டு, மறுபடி உள்ளே போகும். கிணற்றுக்குள் இறங்கி வாளி நிரப்பிக் கொடுப்பவரும் மேலே நின்று வாங்கிக் கொட்டுபவரும் மாதிரி.

மூன்றாவது டெஃபெராசிராக்ஸ், நோவார்ட்டிஸ் உருவாக்கியது, 2005 இல் அமெரிக்காவில் அனுமதி. இதற்கு மூன்று பிடி, இரண்டு மூலக்கூறு ஒரு இரும்பை மூடும். ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதால் நாளைக்கு ஒரே வேளை போதும், இரும்பு மலத்தில் போகும். இன்று பெரும்பாலான குழந்தைகள் இதில்தான் இருக்கிறார்கள். சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று மாதாமாதம் பார்க்க வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு இரும்பு மிச்சம் என்று அளப்பதும் எளிதல்ல. ஃபெரிட்டின் ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 2500ஐத் தாண்டி நீடித்தால் இருதயத்துக்கு ஆபத்து என்பார்கள், ஆனால் சாதாரணக் காய்ச்சல்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். கல்லீரலில் குறைவாகவும் இருதயத்தில் நிறையவும் இருக்கலாம். லண்டனின் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனைக் குழு 2001 இல் எம்.ஆர்.ஐ. மூலம் இருதய இரும்பை அளக்கும் டி2 ஸ்டார் முறையை வெளியிட்டது. இரும்புத் துகள்கள் தம்மைச் சுற்றிய காந்தப்புலத்தைக் குலைப்பதால் சிக்னல் சீக்கிரம் அணைந்துபோகும். 20 மில்லிநொடிக்கு மேல் நீடித்தால் பயமில்லை, பத்துக்குக் கீழே போனால் இருதயம் எப்போது வேண்டுமானாலும் தளரலாம். நோயாளி நன்றாக நடமாடும்போதே இதைக் கண்டுபிடித்து மருந்தைத் தீவிரமாக்கினால் இரும்பு இறங்கும், தளர்ந்த இருதயம்கூட மீளும். சிகிச்சை மையத்தில் இந்தப் பரிசோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றால் பெற்றோர் தாங்களே கேட்க வேண்டும்.

வைட்டமின் சி பற்றி ஒரு வார்த்தை. அது இரும்பைக் கிடங்கிலிருந்து கிளப்பிவிடும். கொடுக்கு மருந்து ரத்தத்தில் இருக்கும்போது மருத்துவர் சொல்லும் சிறு அளவு நல்லது, கூடுதலாக வெளியேறும். மருந்து இல்லாமல் சத்து மாத்திரை என்று பெரிய அளவில் விழுங்கினால் கிளம்பிய இரும்பு இருதயத்துக்குப் போகும். சாப்பாட்டோடு ஒரு டீ குடித்தால் டீயின் டானின் இரும்பு உறிஞ்சலைக் கொஞ்சம் குறைக்கும். இன்னொன்று, டெஸ்ஃபெரால் எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி வந்தால் பம்ப்பைக் கழற்றிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். யெர்சீனியா என்ற பாக்டீரியாவுக்குச் சொந்தமாக இந்தக் கொடுக்கைச் செய்யத் தெரியாது, ஆனால் இரும்பு ஏற்றிய கொடுக்கு கிடைத்தால் எடுத்துத் தின்னத் தெரியும். மண்ணில் ஒரு நுண்ணுயிர் தனக்காகச் செய்த சாப்பாட்டுக் கரண்டியை நாம் கடன் வாங்கியிருக்கிறோம், அதை இன்னொரு நுண்ணுயிரும் பிடுங்கும்.

இந்தப் பாடெல்லாம் இன்னொரு குடும்பத்துக்கு வராமல் இருக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். எச்.பி.எல்.சி. என்று கேட்டால் லேபில் தெரியும், ஹீமோகுளோபின் ஏ2 மூன்றரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் தலசீமியா மைனராக இருக்க வாய்ப்பு அதிகம். கணவன் மனைவி இருவரும் மைனர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேஜர் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சைப்ரஸ் 1970களில் இந்தப் பரிசோதனையைத் திருமணத்துக்கு முன்பே செய்ய வைத்துப் புதிதாகத் தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளை ஏறக்குறைய இல்லாமலாக்கியது. நம் ஊரில் ஜாதகம் பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பெண் வீட்டுக்குக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். பையனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று விளக்கினால் சிலர் கேட்கிறார்கள்.

நோயை வேரோடு நீக்குவது எலும்பு மஜ்ஜை மாற்று, வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கிறது. பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால், சின்ன வயதில் செய்தால் பலன் நன்றாக இருக்கும். அதிலும் இரும்புதான் முன்னே வந்து நிற்கிறது. இத்தாலியின் பெசாரோ நகரில் லூக்கரெல்லி குழு வகுத்த முறையில், மாற்றுக்கு முன்பு கேட்கும் மூன்று கேள்விகள்: கல்லீரல் வீங்கியிருக்கிறதா, கல்லீரலில் தழும்பு இருக்கிறதா, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தார்களா. மூன்றும் சுற்றிச் சுற்றி ஒன்றேதான். சொந்த மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கும் 2023 முடிவில் பிரிட்டன் அனுமதி கொடுத்துவிட்டது, விலைதான் நமக்கு எட்டாத உயரம்.

எங்கள் பையனுக்கு அவன் அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. இப்போது அவன் மஜ்ஜையே சிவப்பணு செய்கிறது, ரத்தம் ஏற்றுவது நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனால் ஏழு வருடம் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கல்லீரலிலேயே கிடக்கிறது, வாசல் இன்னும் இல்லையே. அதற்கு மருத்துவர்கள் செய்வது என்ன தெரியுமா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். எடுத்ததை ஈடுகட்ட மஜ்ஜை புதிய சிவப்பணு செய்யும், அதற்கு வேண்டிய இரும்பைக் கல்லீரல் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதல்முறை அந்தப் பையில் ரத்தம் இறங்குவதைப் பார்த்துவிட்டு அவன் அம்மாவிடம் கேட்டான், அம்மா, இது தப்பான பக்கம் போகுதே என்று.